பாத்தித் தண்ணி

கார்ல ஏசி போட்டு வச்சா நான் ஏறிடுவனா தம்பி? வரலன்னா வரலதான். உங்க பல்லு டாக்டரம்மாகிட்ட போய் சொல்லு, ஆனந்தம்மா வாயத் தொறக்க மாட்டேன்னுட்டான்னு. தோ, ஒங்கிட்ட தொறக்கறேன், பாத்துக்க. தாடை எலும்புல மேல நாலு ஸ்க்ரூ, கீழ நாலு ஸ்க்ரூ, அதும்மேல ஒரே வரிசையா பல்லு. பத்து வருஷத்துல ஒண்ணுகூட ஆடல. நண்டு ஓடு கடிப்பேன். இப்ப இருக்கற ஆத்திரத்துக்கு உன்னயும் கடிப்பேன்.

சிரிக்காத.

என்னமோ பேப்பர் வச்சிருக்கியே, அத இன்னொரு தடவ படி. ம்... சுகர் கேஸு, தாடை எலும்பு தேஞ்சுபோன கேஸு, அப்படி இருந்தும் ஒருத்தருக்கும் பல்லு விழல. சரி. மொத்தம் எத்தினி பேரு? பதினொண்ணா? பன்னண்டுப்பா. எங்கூர்லேருந்து மட்டும் ரெண்டு பேரு போனோம், நானும் என் நாத்தனா பூவிழியும். ஒரே நாள்ல ஆப்ரேசன், ஒரே ஆட்டோல வந்து எறங்கினோம். அவ பேரு எங்க?

தேடாத, இருக்காது. சொன்ன பேச்சு கேக்காத பேஷண்டுன்னு எழுதி அவ பேர அடிச்சிட்டாங்க. விழுந்தவள அடிச்சிட்டா நிக்கறவங்க மட்டுந்தானே மிச்சம். அதுக்கு டாக்டருங்க மீட்டிங்கு ஒண்ணு, அதுல என் வாயப் படம் புடிச்சு பெருசா காட்டணும், இல்ல?

என்ன பேச்சு கேக்கலன்ற? வெதுவெதுன்னு உப்புத் தண்ணில கொப்பளிங்கன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. உனக்கு உப்புத் தண்ணின்னா டம்ளர்ல ஒரு சிட்டிகை. எங்களுக்கு? தோ தெரியுது பாரு, வரப்புக்கு அந்தாண்ட உப்பளத்துப் பாத்தி. பொழுது விடிஞ்சா அதுலதான் நிக்கறோம். பத்து மணி வெயில்ல வெதுவெதுன்னும் இருக்கும். பூவிழி உப்பு வார்ற பலகைய கீழ போட்டுட்டு, குனிஞ்சு ஒரு கை அள்ளி வாயில ஊத்திக்கிட்டா. மூணு வேளைன்னத நாலு வேளையா செஞ்சா. இதுக்கு மேல எப்படிப்பா பேச்சு கேப்பாங்க?

உப்ப வாரினப்புறம் நிக்கற தண்ணி அது, கசக்கும். கால் வெடிப்புல பட்டாலே உயிர் போவும். தையல் போட்ட ஈறு தாங்குமா? வெந்து சீழ் வச்சு, மூணாம் மாசம் எட்டு ஸ்க்ரூவையும் கழட்டிட்டாங்க. பாத்தித் தண்ணில கொப்பளிக்கச் சொல்லி எவடி சொன்னான்னு டாக்டரம்மா சத்தம் போட்டாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். யாரும் சொல்லலம்மா, நானாத்தான் செஞ்சேன்னா பூவிழி.

பத்து வருஷமா சோத்த மசிச்சு முழுங்கறா. கல்யாணப் பந்தில முந்தானைய வாயில வச்சுக்கிட்டு கடைசி எலைக்குப் போயிடுவா. நான் இந்தாண்ட உக்காந்து கறி கடிக்கறேன்.

இல்லப்பா, நீ என்ன பண்ணுவ, எழுதினத தூக்கிட்டு வந்திருக்க. பேனா இருக்குதா? பன்னண்டுன்னு போடு. பூவிழின்னு போடு. ஏன் கெட்டுச்சுன்னும் போடு.

யாரு சொன்னதுன்னும் போடணுமா? நாந்தான் சொன்னேன். இவ்ளோ உப்புத் தண்ணில நின்னுக்கிட்டு எவளாவது வீட்டுக்குப் போயி டம்ளரத் தேடுவாளாடின்னு கேட்டேன். மொதல்ல அள்ளி வாயில ஊத்தினதும் நாந்தான். எரிச்சல் தாங்கல, அவ அந்தாண்ட திரும்பினப்ப துப்பிட்டேன். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. எரிஞ்சாத்தான்டி ஆறும், நல்லா கொப்பளின்னேன். அப்புறம் நான் வீட்லதான் டம்ளர்ல கொப்பளிச்சேன். நானும் அவளாட்டம் பாத்தித் தண்ணிலதான் கொப்பளிச்சேன், எனக்கு நின்னுது, அவ ஒடம்புக்குத்தான் சேரலன்னு இன்னிக்கும் நெனச்சிட்டிருக்கா.

எழுதிட்டியா? அப்ப கார எடு. மொதல்ல அவ வீட்டாண்ட நிறுத்து.