அக்காவின் கடைசி வெல்டிங்கும் ஐம்பத்தெட்டு பலூன்களும்

எட்டு நாள் என் முகத்தையே பார்க்காமல் இருந்துவிட்டு, ஒன்பதாம் நாள் என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கும் பெருந்தன்மைக்குரிய தலைவர், எங்கள் நிலைய இயக்குநர் அவர்களே! முன்வரிசைக்கு மதிப்புச் சேர்க்கும் மூத்த பொறியாளர் பெருமக்களே! பட்டறைப் பங்காளிகளே! "வீட்டுக்காரர் எங்கே வேலை செய்றாரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சூரியன் செய்யப் போயிருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, முப்பத்தோரு ஆண்டு உழைத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் வெல்டர் அக்கா அவர்களே! வாயுப் பிரிவுக்காரனான நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பின்வரிசையில் ஏற்கெனவே சிரிக்கிறார்கள். சிரியுங்கள் ஐயா, அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியதுதான்.

அன்பர்களே, அடுப்பு நெருப்பைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அணுக்கருவை அணுக்கருவோடு அணைத்து எரிக்கும் நெருப்பை அடக்கி ஆள்வது அத்தனை எளிதா? பதினைந்து கோடி டிகிரி! சூரியனின் நடுவயிற்றைவிடப் பத்து மடங்கு சூடு. சூரியனுக்கு என்ன கவலை? தன் கனத்தாலேயே தன்னை அமுக்கிக்கொண்டு எரிகிறது. நமக்கு அந்தக் கனம் உண்டா? காந்தத்தால்தான் கட்டிப்போட வேண்டும். அந்தக் காந்தமோ கடுங்குளிரில் கிடந்தால்தான் வேலை செய்யும். கொதிப்புக்கும் குளிருக்கும் நடுவே சில அடி தூரம். அந்தச் சில அடிக்குள்தான் சுவர், சுவருக்குள் குழாய், குழாய்க்குள் தண்ணீர்.

என் மாமியார் ஒருநாள் கேட்டார்: "அது வெடிச்சுருமா மாப்பிள்ளே?"

"வெடிக்காது அத்தை. அணைஞ்சிடும். அதுதான் எங்க பயம்."

"அணையறதுக்கா இத்தனை வருஷமா கட்டுறீங்க?"

இதோ இரண்டாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அத்தை, உங்கள் கேள்விக்கு இன்றுதான் பதில் சொல்கிறேன். அந்த நெருப்பு எரியும் கலத்துக்குள் வெறுமை வேண்டும். காற்று கூடாது, ஈரம் கூடாது, ஒரு விரல்ரேகையின் எண்ணெய்ப் பிசுக்குகூடக் கூடாது. குழாய் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தால் போதும், கசிகிற நீராவி பதினைந்து கோடி டிகிரியையும் படுக்கவைத்துவிடும். அப்படியானால் இந்த நெருப்பைக் காப்பவர் யார்? காந்தமா? கணினியா? குனிந்து, நுழைந்து, மல்லாந்து படுத்து, மூச்சை அடக்கி, முழங்கை நகராமல் வெல்டிங் வைக்கும் அக்காவின் கை அல்லவா?

முப்பத்தோரு ஆண்டில் அக்கா வைத்த ஒரு வெல்டிங்கைக்கூட வெட்டி மறுபடி வைத்ததில்லை. பத்து நாளுக்கு முன்னால் கலத்தின் அடிவாரத்தில் கடைசிக் குழாயை இணைத்தார். மறுநாள் காலை சோதனை. குழாய்க்குள் ஹீலியம் வாயுவை நிரப்பி, வெளியே மோப்பக்கருவியைப் பிடிப்போம். துளி கசிந்தாலும் கருவி கத்தும்.

கத்தியது.

துடைத்துப் பார்த்தோம், கத்தியது. கருவியை மாற்றினோம், கத்தியது. கலத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறது. அக்காவின் இணைப்பருகே கொண்டுவந்தால் ஊரைக் கூட்டுகிறது. வெட்டினால் அந்தக் குழாயையே கழற்றிப் புதிதாகச் செய்ய வேண்டும். பதினான்கு மாதம் தாமதம். யார் வெல்டிங் என்று எழுதும் இடத்தில் அக்காவின் பெயர்.

இயக்குநர் தயங்கினார். "இன்னொரு தடவை பார்க்கலாமாம்மா?"

"கருவிக்கு என்ன சார் என்மேல கோபம்? வெட்டுங்க. தப்பு என்னுதுதான்." கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு விழா எல்லாம் வேணாம்ப்பா. எந்த மூஞ்சியோட மேடையில உக்கார்றது?"

விழாவைத் தள்ளிவைத்தோம். வெட்டுவது மறுநாள் காலை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று.

இப்போது என் பாவத்தைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைகிறதே, வயதுக்கு ஒன்றாக ஐம்பத்தெட்டு பலூன் பறக்கவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. சோதனை நாள் காலை, கருவியை எடுக்கும் முன்பே, விழாவுக்கு ஒருநாள் முன்னதாகவே, ஊதிவிட்டேன். எதை வைத்து ஊதினேன்? வாயுப் பிரிவுக்காரன் கையில் என்ன இருக்கும்? ஹீலியம்தான். அக்கா கண்ணில் படாமல் எங்கே ஒளித்தேன்? கலத்தை ஒட்டிய சாமான் அறையில்.

மறுநாள் காலை, பலூனைப் பார்த்து அக்கா மனம் நோகக் கூடாதே என்று அவற்றை அப்புறப்படுத்தப் போனேன். கூரையை முட்டிக்கொண்டு நின்றவை எல்லாம் சுருங்கிச் சோர்ந்து தரையில் கிடந்தன. ஒரே இரவில் உள்ளே இருந்த ஹீலியம் எங்கே போயிற்று? மூலையில் ஏதோ ஓடும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். காற்றூதி! கலத்துக்குள் படுத்து வேலை செய்கிறவர்களுக்கு நல்ல காற்று அனுப்பும் இயந்திரம். காற்றை இழுக்கும் அதன் வாய் என் பலூன்களுக்குப் பக்கத்தில். அதன் குழாய் முடிவது, அக்கா மூச்சுவிட வேண்டுமே என்று, அக்காவின் இணைப்புக்குப் பக்கத்தில்!

மணி ஒன்பது ஐம்பது. ஓடினேன். இந்தத் தொப்பையோடு ஓடினேன். வெட்டுகிறவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டார்.

"நிறுத்துங்க! கசியறது குழாய் இல்ல!"

"பின்ன எது?" என்றார் இயக்குநர்.

"பலூன், சார்."

"என்னது?"

"பலூன், சார். ஐம்பத்தெட்டு."

அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த மேடையில் விவரிக்க முடியாது. தாய்மார்கள் இருக்கிறார்கள்.

பலூன்களை வெளியேற்றி, அறையைத் திறந்துவைத்து, மூன்று மணி நேரம் நல்ல காற்றை ஓடவிட்டோம். பிறகு கருவியை எடுத்தோம். அக்கா உள்ளே வரமாட்டேன் என்று கலத்தின் வாசலிலேயே நின்றுகொண்டார். இணைப்பின் மேலே பிடித்தோம். கீழே பிடித்தோம். சுற்றிலும் பிடித்தோம். ஓசை இல்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"கத்தலையே?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"கத்தல அக்கா."

"நல்லாப் பாருப்பா."

"நாலு தடவை பாத்தாச்சு அக்கா. உங்க வெல்டிங் சுத்தம்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஏன், இயக்குநரும் கண்ணாடியைத் துடைத்தார்; தூசி விழுந்ததாம். நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்க அக்கா, பலூன் வெச்சது நான்தான்" என்றேன். அவர் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்காகவா பலூன் ஊதினே?"

முப்பத்தோரு ஆண்டு, அன்பர்களே! ஒரு சூரியனைக் கட்டிக்காக்கக் கை கொடுத்தவருக்கு, ஒரு பலூன் ஊதக்கூட நாம் அதுவரை நினைத்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதோ மேடையைச் சுற்றிப் பாருங்கள். ஐம்பத்தெட்டு பலூன். ஒன்றாவது மேலே பறக்கிறதா? பறக்காது. எல்லாம் நானே வாயால் ஊதியவை. கன்னம் இன்னும் வலிக்கிறது. அக்கா, நாளை அந்தக் கலத்தில் நெருப்பு நின்று எரியும்போது யார் யாரையோ பாராட்டுவார்கள். அடிவாரத்தில் உங்கள் கடைசி வெல்டிங் பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் இனிமேல் பிடிக்க வேண்டாம் அக்கா. நிம்மதியாக மூச்சுவிடுங்கள்.

என் கதையைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வேலையை விட்டுத் தூக்காத இயக்குநருக்கும் நன்றி சொல்லி, அக்காவை மறுபடியும் வணங்கி விடைபெறுகிறேன்.