ஏழாம் அறையில் எட்டு மதிப்பெண்

அந்தச் சிவப்புப் புள்ளியை என்ன செய்வது என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் மதிப்பெண் போட எங்களுக்கு ஒரு கைக்கணினி தருகிறீர்கள். ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண்ணைத் தொட வேண்டும். ஒரு விண்ணப்பதாரருக்கு மற்ற அறைகளில் கிடைத்த சராசரியைவிட நான் போடும் எண் இரண்டோ அதற்கு மேலோ குறைந்தால், திரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி எரியும். கூடவே ஒரு பெட்டி திறக்கும்: 'காரணம் எழுதவும்.' எழுதினால் அன்று மாலையே உங்கள் ஆள் ஒருவர் அந்த எட்டு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பார். போன ஆண்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஏழாம் அறையில், என் மனைவி எழுந்து போன பிறகு நான் நான்கைத் தொட்டேன். புள்ளி எரிந்தது. அழித்தேன். ஐந்து எரிந்தது. ஆறும் எரிந்தது. ஏழு எரியவில்லை. ஆனால் ஏழு போதாது.

விசாரணைக் குழுவினரே, உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபரங்கிஸ் பஹ்மன்யார் என்ற விண்ணப்பதாரரும் ஈரஜ் தவஸ்ஸோலி என்ற தேர்வாளரும் ஒரே முகவரியில் வசிப்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எங்கள் ஈரானியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்வார்கள். டொராண்டோவில் பாதிப் பேர் ஈரானியர்களாக இருக்கும் வட்டாரத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் உங்களுக்கு இது பிடிபட ஓராண்டு ஆகியிருக்கிறது. போகட்டும். நான் அவளுக்குச் சலுகை காட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிரூபணமானால் அவள் இனி எந்த ஆண்டும் விண்ணப்பிக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அவள் விண்ணப்பம் எனக்குப் பொருட்டல்ல. ஆனால் சலுகை காட்டினேன் என்ற பழியை நான் ஏற்க முடியாது. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தராசுகளைச் சரிபார்க்கிறவன் நான். ஆகவே நடந்ததை விளக்குகிறேன். பொறுமையாகப் படித்தால் உங்களுக்கும் புரியும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இஸ்ஃபஹானில் நான் அளவைக் கருவிப் பொறியாளர். இங்கே என் பட்டத்தை மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன்; அது இரண்டாண்டுத் தொழிற்படிப்புக்குச் சமம் என்று ஒரு தாள் வந்தது. நான்கு ஆண்டுப் படிப்பும் பதினாறு ஆண்டு அனுபவமும் ஒரு தாளில் இரண்டாகின. சரி என்று கடைத் தராசுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். கூச்சல் போடவில்லை.

ஃபரங்கிஸ் ஷீராஸில் நான்கு ஆண்டு மருத்துவச்சிப் பட்டம் படித்தவள். மர்வ்தஷ்ட் ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்து ஆண்டுகள் பிரசவம் பார்த்தவள். வந்த இரண்டாம் ஆண்டு, இங்கே மருத்துவம் படிக்க வேண்டும் என்றாள். முத்திரையிட்ட சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கட்டி என்னிடம் தந்தாள், நான்தான் தபாலில் சேர்க்க வேண்டும் என்று. மூன்று மாதம் கழித்து, இரண்டாண்டுப் படிப்புக்குத்தான் சமமாம், மருத்துவக் கல்லூரி வாசலில்கூட நிற்க முடியாதாம் என்று அவளிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுவாரம் யங் தெருவில் ஆகா மன்சூர், அதாவது மன்சூர் ஐயா, நடத்தும் இனிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தச் சான்றிதழ்க் கட்டை நான் அனுப்பவே இல்லை. இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே அமைச்சகம், ஒரே முத்திரை. என் பட்டத்துக்கு இரண்டு என்றால் அவளுடையதற்கு மட்டும் எப்படி நான்கு வரும்? விடை தெரிந்த கணக்கை எதற்குத் திரும்பப் போட வேண்டும்? வரப்போகிற பதிலை மூன்று மாதம் முன்கூட்டியே அறிந்து, மூன்று மாதம் பொறுத்துச் சொன்னேன்.

பதினேழு ஆண்டுகள் அவள் பிஸ்தா மிட்டாயும் கடலை மாவு பிஸ்கோத்தும் நிறுத்துக் கொடுத்தாள். அந்தக் கடைத் தராசை நான்தான் ஆண்டுக்கொரு முறை சரிபார்த்தேன். குறையேதும் இல்லை.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, என்னிடம் சொல்லாமல், அவளே சான்றிதழ்களை அனுப்பினாள். நான்காண்டுப் பட்டத்துக்கு முழுச் சமம் என்று தாள் வந்தது. அதைச் சமையலறை மேசையில், என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாரு ஈரஜ், சட்டத்தையே மாத்திட்டாங்க! அப்பவே இப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். நம்ம நேரம்."

"ஆமா, மாத்தியிருப்பாங்க," என்றேன்.

"நாப்பத்தேழு வயசாச்சு. கிறுக்குத்தனமா?"

"கிறுக்குத்தனம்னு உனக்கே தெரியுதே. அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

சிரித்துக்கொண்டே சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்து என் தேநீரையும் எடுத்துக் குடித்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சோறு வடித்த நாள் குறைவு. நுழைவுத் தேர்வுக்கு வேதியியல் படித்தாள். கடை ஆட்கள் வேறு ஏற்றிவிட்டார்கள். ஆகா மன்சூர் என் முன்னாலேயே சொல்வார்: "ஃபரங்கிஸ் அம்மா, டாக்டர் ஆனதும் எங்க பக்லாவாவைத் தொடக் கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்துராதீங்க. அப்புறம் நான் கடையைப் பூட்டிட்டு உங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் உக்காரணும்!" கடையே சிரிக்கும். நான் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உங்கள் கல்லூரிக்கு நான் ஏழு ஆண்டுகளாகப் பொதுமக்கள் சார்பில் தேர்வாளனாக வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் ஒரு படிவம்: 'விண்ணப்பித்தவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் உண்டா?' இல்லை என்று குறித்தேன். அது பொய்யல்ல, மதிப்பீடு. இனிப்புக் கடையில் நிற்கும் ஒரு பெண் நேர்முகம்வரை வருவாள் என்று நான் மதிப்பிடவில்லை. வந்துவிட்டாள். நீயும் அங்கே தேர்வாளனாச்சே என்று அவள் கேட்டபோது, "அவங்ககிட்டச் சொல்லிட்டேன், எனக்கு ஞாயித்துக்கிழமை போட்டுட்டாங்க" என்றேன். படிவத்தைத் திருத்தினால் உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஹெதர் அம்மையார் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவார். அவர் எதற்கும் கட்டிப்பிடிப்பவர். ஆகவே திருத்தவில்லை. நான்கு குழுக்களில் ஒன்றில்தான் நான் இருப்பேன். அவள் என் அறைக்கு வர நாலில் ஒரு வாய்ப்புதான்.

வந்தாள். என் அறைக்கு வந்த ஒன்பதாவது ஆள். மணி அடித்தது, கதவு திறந்தது. என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும், விதி அதுதான். தூக்கவில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்கு உதவத்தான் நான் பொய் சொல்லி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அந்நியரிடம் பேசுவதுபோல, "காலை வணக்கம் ஐயா" என்றாள்.

என் அறைக் கேள்வி: 'மேலதிகாரி தவறு செய்கிறார் என்று தெரிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' அதுவரை வந்த எட்டுப் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் ஏழை நாட்டுக்குப் போய்ச் சுவருக்கு வண்ணம் பூசியதைப் பற்றிப் பேசினார்கள். மேலதிகாரி வண்ணத்தைத் தவறாகக் கலந்தாராம்.

ஃபரங்கிஸ், கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த மர்வ்தஷ்டைச் சொன்னாள். தொப்புள்கொடி முன்னால் வந்துவிட்ட ஒரு பிரசவம். மருத்துவர் தொலைபேசியில், "காலைல பாத்துக்கலாம், என்னை எழுப்பாதே" என்று வைத்துவிட்டார். குழந்தையின் தலை கொடியை நசுக்காதபடி இவள் கையை உள்ளேயே வைத்துத் தாங்கிக்கொண்டு, தள்ளுகட்டிலின் மேலேயே முழங்காலிட்டபடி, ஐம்பது நிமிடம் ஆம்புலன்சில் ஷீராஸுக்குப் போயிருக்கிறாள். குழந்தை பிழைத்தது. பதிவேட்டில் மருத்துவர் சொன்னதை அப்படியே எழுதினாள். அழிக்கச் சொன்னார்கள். அழிக்கவில்லை. ஆறு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள்.

இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் கதையை நான் கேட்டதில்லை. எங்களுக்கு ஒரு துணைக் கேள்வி அனுமதி உண்டு. "மறுபடியும் அப்படி எழுதுவீர்களா?" என்று கேட்டேன்.

"எழுதாம இருந்தா, அடுத்த பொண்ணுக்கும் அவர் அதையேதான் சொல்லியிருப்பாரு," என்றாள். "ஒருத்தர் போன்ல சொன்ன ஒரு வார்த்தையால இன்னொருத்தர் வாழ்க்கை முடிஞ்சிரக் கூடாதில்லையா?"

மணி அடித்தது. போனாள்.

அப்போதுதான் நான் எண்களைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளி எனக்கு ஒரு செய்தியும் சொன்னது. ஆறுக்கே அது எரிகிறது என்றால் மற்ற அறைகளில் அவளுக்குச் சராசரி எட்டுக்கு மேல். அதாவது அவள் உள்ளே வந்துவிடுவாள். வந்தால் அவளைப் போன்ற வேறு ஈரானியப் பெண்களைச் சந்திப்பாள். பதினெட்டு ஆண்டு முன்னால் வந்தவர்கள், அதே ஷீராஸ் பட்டத்துக்கு அப்போதே முழுச் சமம் வாங்கியவர்கள். தேநீர் குடித்துக்கொண்டே யாராவது ஒருத்தி சொல்வாள், சட்டம் எப்போதும் மாறவே இல்லை என்று. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் விரும்பவில்லை. இதில் புரியாதது ஏதுமில்லையே.

ஏழு போட்டிருக்கலாமே என்பீர்கள். அவள் ஏழுக்குரியவள் அல்ல. நான் பொய்யான எடையைப் போட்டதில்லை.

வீடு திரும்பும்போது காரில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஞாயித்துக்கிழமைன்னு சொன்னியே, கள்ளா! எனக்காகவா பொய் சொன்ன? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ எனக்குக் குடுத்த பெரிய பரிசு இதுதான்." பனி சறுக்குகிறது, பேசாமல் வா என்றேன். மே மாதம் கடிதம் வந்தது: காத்திருப்போர் பட்டியலில் மூன்றாம் இடம். பட்டியல் நகரவில்லை. "நீ இருந்தும் கிடைக்கலேன்னா, நான் அவ்வளவுதான் போல" என்றாள். இப்போது உங்களுக்கு அவள் எழுதியிருப்பதையும் படித்தேன்: தவறு முழுக்க அவளுடையதாம், கையைத் தூக்க வேண்டியவள் அவள்தானாம், எனக்குத் தண்டனை வேண்டாமாம். செய்யாத சலுகைக்கு நன்றி சொல்கிறவளிடம் என்ன பேசுவது?

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்.

ஒன்பதாவது ஆளுக்குப் பிறகு பதினைந்து நிமிட இடைவேளை. கூடத்தில் ஹெதர் அம்மையார் கேக் தட்டோடு வந்து, "சும்மா எடுத்துக்குங்க ஈரஜ், நீங்க எப்பவும் ரொம்பக் கறாரு, கொஞ்சம் இனிப்பு உள்ள போகட்டும்" என்றார். அவர் போன பிறகும் அந்தச் சொல்லை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கறார். பயிற்சி நாளில் அவர்தான் விளக்கினார்: கறாரான தேர்வாளரும் உண்டு, தாராளமானவரும் உண்டு, அது விண்ணப்பதாரர் தவறல்ல, அதனால் கணினி ஒவ்வொரு தேர்வாளரின் சராசரியையும் மற்ற அறைகளோடு ஒப்பிடும். தாராளம் எவ்வளவோ அவ்வளவை அவர் போட்ட எல்லா மதிப்பெண்களிலிருந்தும் கழித்துவிடும். நல்ல ஏற்பாடு. தராசில் காலித் தட்டின் எடையைக் கழிப்பதுபோலத்தான். இதில் இன்னும் அழகான ஒன்று உண்டு. குறைத்துப் போடுவதைத் தடுக்கப் புள்ளி வைத்திருக்கிறீர்கள், பெட்டி வைத்திருக்கிறீர்கள், ஒலிப்பதிவு வைத்திருக்கிறீர்கள். கூட்டிப் போடுவதைத் தடுக்க ஒன்றும் வைக்கவில்லை. அன்பால் யாருக்கும் கெடுதல் வரும் என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மதிப்பெண்களை நாள் முடியும்வரை திருத்தலாம் என்பதையும் நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள்.

ஃபரங்கிஸுக்கு அவளுக்கு உரிய எட்டைப் போட்டேன். அன்றைய பன்னிரண்டு பேரில் அதுதான் உண்மையிலேயே மிக உயர்ந்த மதிப்பெண். பிறகு, சுவருக்கு வண்ணம் பூசிய பிள்ளைகள் உட்பட மற்ற பதினோரு பேருக்கும் இரண்டிரண்டு கூட்டினேன். கணினி நான் தாராளமானவன் என்று கண்டுபிடித்து, எல்லோரிடமிருந்தும் கிட்டத்தட்ட இரண்டைக் கழித்தது; புள்ளி எரியாமலே அவளுடைய எட்டு ஆறானது. அவர்களுக்கு நான் கொடுத்ததுதான் போயிற்று; அவளுக்கு அவள் சம்பாதித்தது போயிற்று.