டாக்டர் செலின் பேசிய காட்சி

முதல் மூன்று சீசன்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 'வால்மீன் நிலையம்' நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள் மேடம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வால்மீனின் மேல் ஆராய்ச்சி நிலையம் கட்டிக்கொண்டு சிலர் வாழ்கிறார்கள். வெளியே பனிக்கட்டி, உள்ளே மனிதர்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அதை எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆக்ஸிஜன் குறைந்தால் மனிதன் எப்படி உளறுவான், எடையில்லாத இடத்தில் ரத்தம் எப்படி மிதக்கும், எல்லாம் சரியாக இருக்கும். நான்காவது சீசனில் ஆளை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. ஐந்தாவது எபிசோடிலிருந்து தரம் இறங்கிவிட்டது.

நானும் பாசித்தும் தமிழ் டப்பிங்கில் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து பார்த்தவர்கள். பாசித்துக்கு மயிலாடுதுறையில் செல்போன் கடை. நான் பூம்புகார் பக்கம் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். புது எபிசோட் வெள்ளிக்கிழமை வரும். ஜும்மா தொழுகை முடித்து பைக்கில் வந்துவிடுவான். அவன் தங்கை தஹ்மீனா எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுப்பாள். கிடங்கின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பார்ப்போம். பிறகு அதைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுவோம். சேனலைத் தொடங்கியது நான். பேச்சு அவனுக்கு நன்றாக வந்ததால் கேமரா முன்னால் அவன் உட்கார்ந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆறாவது எபிசோடில் டாக்டர் செலினை யாரோ பனிக்கிடங்குக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். மெல்லிய சட்டையோடு ஓர் இரவு முழுக்க உள்ளே கிடக்கிறாள். கடைசியில் தன் மகளுக்கு நீளமாக ஒரு செய்தி பேசுகிறாள். நாக்கு குழறவில்லை. ஒரு சொல்கூட மறக்கவில்லை. பின்னால் வயலின் வேறு. பாசித் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இது நடக்காதுடா" என்றேன். "அந்தக் குளிர்ல வாயே திரும்பாது."

"கதைடா மாப்ள. அழுதியா இல்லியா, அதச் சொல்லு."

"தப்பா காட்டுனா எப்படி அழ வரும்?"

அவன் சிரித்தான். அந்த வார வீடியோவில், தொலைக்காட்சி வரலாற்றிலேயே இதுபோல ஒரு காட்சி வந்ததில்லை என்று சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்மகூட ஒருத்தர் இருக்காரு, ஐஸ் கம்பெனி விஞ்ஞானி. செலின் ஏன் சாவலன்னு அவருக்கு ஒரே கவல" என்றும் சொன்னான். கமெண்டில் எல்லோரும் சிரித்திருந்தார்கள். கிடங்குக்கு லோடு ஏற்ற வரும் அய்யாவுகூட என்னைப் பார்த்து, "என்னா விஞ்ஞானி, சாப்ட்டீங்களா?" என்றார்.

இதைத்தான் காரணம் என்று எழுதப் போகிறீர்கள். அது காரணமில்லை. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு தவறான தகவல் ஊரெல்லாம் பரவுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடந்தன. ஆட்கள் லீவில் இருந்தார்கள். பண்ணை இறால் கொஞ்சம் இருந்ததால் ஒரே ஒரு குளிர் அறை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் பதினெட்டு. வெள்ளிக்கிழமை பாசித் வந்ததும், அந்தக் காட்சியை உள்ளே நின்று பேசிக்காட்டி வீடியோ எடுக்கலாமா என்று கேட்டேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்டா மாப்ள! என்மேல கோவமா இருப்பியோன்னு நெனச்சேன்."

"உன்மேல எனக்கு என்னடா கோவம்?"

டீ-ஷர்ட்டோடு போனால்தான் செலின் மாதிரி இருக்கும் என்றேன். போட்டிருந்த கிடங்குக் குளிர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு அவனாகத்தான் உள்ளே போனான். நான் தள்ளவில்லை.

கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. காதை ஒட்டி வைத்தால் உள்ளே பேசுவதும் கேட்கும். முதலில் நன்றாகத்தான் பேசினான். கொஞ்ச நேரத்தில், "போதும் மாப்ள, பல்லு கிட்டுது, தொற" என்றான். செலினின் பேச்சை முழுதாகப் பேசச் சொன்னேன்.

"ஒத்துக்கிறேன்டா. அந்த சீன் தப்பு. நீ சொன்னதுதான் சரி. தொறடா ரஞ்சித்து."

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெளியே வர நினைப்பவன் எதை வேண்டுமானாலும் சொல்வான். அது கருத்தாகாது.

உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி இருக்குமே, அது பழுதா என்று கேட்டீர்கள். பழுதில்லை. அன்று காலையில் நான்தான் கழற்றினேன். அபாய மணியின் ஒயரையும் எடுத்துவிட்டேன். செய்து பார்ப்பது என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இடையில் ஆபீஸ் அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அவன் பங்கைத் தொடவில்லை. அப்போதுதான் தஹ்மீனா கூப்பிட்டாள்.

"ரஞ்சித் அண்ணா, அண்ணன் அங்க இருக்காரா? போன் போவவே மாட்டேங்குது."

"இங்கதாம்மா இருக்கான். பேசிக்கிட்டிருக்கான்."

"சரிண்ணா. மெதுவா வரச் சொல்லுங்க, ரோட்டுல வெயிலு."

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. அவன் அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தான். திரும்பிப் போய்க் கேட்டேன். முதலில் என் பெயர். பிறகு தாயை அழைத்தான். பிறகு வந்தது சொல்லாக இல்லை, வெறும் சத்தம். நான் சொன்னது அப்படியே நடந்தது.

சட்டையை யார் கழற்றியது என்றுதான் நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்கள். அவனேதான் கழற்றினான். குளிர் அளவு கடந்து போனால் உடம்பு சூடாக இருப்பதுபோலத் தோன்றும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. கண்ணாடியில் பனி படியப் படியத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அந்தத் தொடரில் இதைக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அன்று வந்த ஏழாவது எபிசோடைத் தனியாகப் பார்த்தேன். செலின் மறுநாளே எழுந்து நடக்கிறாள். அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டது. அவனைப்போல எனக்கு வேறு நண்பன் கிடையாது.

தஹ்மீனா வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் அவனை அடைத்துப்போட்டுவிட்டு ஓடிப்போனதாக அவள் நினைக்க வேண்டாம். நான் கடைசிவரை அந்தக் கதவருகில்தான் நின்றேன். கதவைத் திறக்கவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். திறந்தேன். அவன் சத்தம் நின்றதும் திறந்தேன்.