ஆயிரம் தடவை பொறி விடும் கம்பி

வெளிமாநிலத்தில், கசார்வாடி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று சத்தமாகவே பேசினார்கள். அவர் உரசித் தீ மூட்டும் விரல் நீளக் கறுப்புக் கம்பி ஒன்றைக் காட்டினார்.

"நனைஞ்சாலும் ஆயிரம் தடவை பொறி விடும்டி."

"போன தடவை உங்க லைட்டர் நனைஞ்சு பிள்ளைங்க பட்டினியா படுத்தாங்க. சரி, பொறி எதுல பிடிக்கும்? பஞ்சு எங்க?"

"அங்க காஞ்ச புல் கிடைக்கும்."

"ஆமா, இந்த மழையில உங்களுக்குன்னு காயவச்சிருப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அரிசி டப்பாவைத் திறந்தாள். ஈரம் படாதபடி அரிசிக்குள் தீப்பெட்டி புதைந்திருந்தது.

"சோத்துக்கு நான் பத்தவைக்கிறேன். நீங்க கம்பியோட போட்டோ எடுத்துக்கங்க."