ஹெனூத்தின் வெள்ளிக் கால்

பிரம்பை ஓரமாக வைத்துவிடலாம், ஐயா. உள்ளங்காலில் அடித்தால்தான் நான் பேசுவேன் என்று உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த பீர் பதமாகப் புளித்திருக்கிறது. என் வீட்டில் நல்ல பீர் கண்டு வெகுநாள் ஆகிறது. அதைச் செய்கிறவள் போய்விட்டாள் அல்லவா.

என் பெயர் பென்பூய். அமூன் கோயில் பட்டறையில் வெள்ளிக் காப்பு செய்கிறவன். பொன் வேலைக்காரர்கள் அலட்டிக்கொள்வார்கள், ஆனால் பொன் நம் மலையிலேயே கிடைக்கிறது, கழுதை சுமந்து வருகிறது. வெள்ளி கடல் தாண்டி வர வேண்டும். தெய்வங்களுக்குச் சதை பொன், எலும்பு வெள்ளி என்று கோயிலில் பாடுவார்கள். பாடி முடித்ததும் சாப்பிடப் போய்விடுவார்கள். பொழுது விடிந்தால் அந்த எலும்பைத் தட்டுகிறவன் நான். எனக்கு அதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருந்ததில் வியப்பில்லை.

முதலில் திருட்டை ஒப்புக்கொள்கிறேன். அதுதான் என்னை உறுத்துகிறது. உருக்கக் கொடுக்கும் வெள்ளியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அதே எடைக்குச் செம்பைப் போட்டேன். உருக்குகிறவன் கஹா, என் மனைவி ஹெனூத்தின் தம்பி. ஊதுகுழலை வாயில் வைத்துவிட்டால் அவன் கண்ணை மூடிக்கொண்டுவிடுவான். நல்ல பையன்.

எடுத்த வெள்ளியை நான் விற்கவில்லை. ஹெனூத்துக்குச் சிறுவயதில் கால் ஒடிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விந்தி விந்தி நடப்பாள். தெருமுனையில் வரும்போதே அவள் நடை எனக்குக் கேட்கும், இழுத்து ஒரு அடி, தட்டென்று ஒரு அடி. பட்டறையில் நாள் முழுக்க நேர்த்தியான பொருள்களைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தம். நான் அவள்மேல் இரக்கப்பட்டேன். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை மூடும் ஒரே நீளக் காப்பு, உட்பக்கம் முழுக்க மந்திரம் பொறித்து, அவளுக்காகச் செய்யத் தொடங்கினேன். தெய்வத்தின் எலும்பு தொட்ட கால் தெய்வத்தின் காலாகும் என்பது என் கணக்கு.

செய்து முடித்து மாட்டிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது.

"இதென்னய்யா, கால்காப்பா, வாத்து அடைக்கிற கூண்டா?" என்றாள்.

"அசையாம இரு. கால்தான் கோணலா இருக்கு."

"அப்ப வெள்ளியை வளை."

"தெய்வத்தோட எலும்பு கோணலா இருக்காது ஹெனூத்."

"எனக்கு எதுக்குய்யா தெய்வத்தோட எலும்பு? இந்தக் காலோடதானே உனக்கு வாக்கப்பட்டேன், இதோடவே வெங்காயம் வித்து உனக்குச் சோறு போட்டேன். இது போதும் எனக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். காப்பைத் துணியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை.

பிறகு கோயிலில் முத் அம்மன் சிலையின் கையில் நான் செய்த காப்பு பச்சை பிடித்தது. வெள்ளி கறுக்கும், பச்சை பிடிக்காது. உருக்கியவன் யார் என்று கேட்டார்கள், கஹாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூக்கையும் காதையும் அறுத்து, தெற்கே சுரங்கத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. உங்களுக்கு அதெல்லாம் தெரியும், நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

செய்தி வந்ததும் ஹெனூத் கட்டிலடியிலிருந்து அந்தத் துணிமூட்டையை இழுத்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"அவன் என் தம்பிய்யா. நான் தூக்கி வளர்த்தவன். உனக்காக அவன் மூக்கறுபடணுமா?"

"யோசிக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? காலையில போய் மேற்பார்வைக்காரர்கிட்ட நீயே சொல்லு. நானும் கூட வர்றேன். தனியா விட்டா நீ பாதி வழியில திரும்பிடுவே."

சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். காலையில் துவைத்த உடை உடுத்தி, கண்ணுக்கு மை தீட்டி, நாங்கள் படுத்துறங்கும் மொட்டைக் கூரையிலிருந்து படியிறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன். இறங்கும்போது அந்தக் காலை முன்னால் நீட்டி, பிறகு மற்றக் காலைச் சேர்ப்பாள். தள்ளினேன் என்று எழுதாதீர்கள். முதுகில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நொடிவரை என் மனத்தில் அப்படி ஒரு எண்ணமே இல்லை.

"பாழாப்போன கால்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே கஹாவுக்குத் தண்டனை நிறைவேறியது. படகில் ஏற்றும்போது வழியனுப்பப் போயிருந்தேன். முகத்தில் கட்டு, பேச்சு சரியாக வரவில்லை. "மச்சான், அக்காவை நல்லபடியா அனுப்பி வை" என்றான். அதை நான் தட்டவில்லை.

பிணம் பதனிடும் கூடத்தில் உப்பு அவளை உலர்த்தி முடித்ததும், காப்பை எடுத்துக்கொண்டு போனேன். காலை நிமிர்த்த இரண்டு இடத்தில் உடைக்க வேண்டியிருந்தது. அங்கிருந்தவன் தயங்கினான், நானே செய்தேன். அவளுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் சொல்லியிருப்பாள். உலர்ந்து மெலிந்த காலுக்குத் துணி சுற்றி மாட்டியதும், காப்பு மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தியது. நான் அழுதேன், ஐயா. அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போதே உதட்டின்மேல் ஒரு சிறு வெள்ளித் தகட்டையும் வைத்துப் பிசினால் ஒட்டினேன். அதன்மேல் துணி சுற்றினார்கள். அங்கேதான் என் தொழிலையே மறந்துவிட்டேன். கல்லறை வாசலில் அவளை நிற்கவைத்து, செத்தவள் மறுமையில் பேசுவதற்கென்று வாய் திறக்கும் சடங்கு நடந்தபோது, பூசாரி உளியால் வாயைத் தொட்டார். துணிமேல் பட்டால் மொத்தென்று கேட்க வேண்டும். கணீரென்றது. அது என்ன ஓசை என்று பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். உடனே துணியைப் பிரித்துவிட்டார்கள்.

தகட்டில் இருக்கும் வாசகத்தைக் கேட்கிறீர்கள். செத்தவர் எல்லார் நெஞ்சின்மேலும் வண்டு வடிவக் கல்லில் பொறித்து வைப்பதுதானே, 'எனக்கு எதிராக எழுந்து சாட்சி சொல்லாதே' என்று. செத்தவர்களை விசாரிக்கும் ஒசிரிஸின் சபையில் அவரவர் இதயம் அவரவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க. ஹெனூத்தின் இதயத்துக்கு அது தேவைப்படவில்லை. அவள் வாய்க்குத்தான் தேவைப்பட்டது. கீழே பென்பூய் என்று இருப்பது என் பெயர்தான். கால் அவளுக்காகச் செய்தது, தகடு எனக்காக. இரண்டையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

தகடு ஏன் உதட்டைவிட அகலமாக இருக்கிறது என்கிறீர்களா? நல்ல கண் உங்களுக்கு. உப்பில் உதடு சுருங்கும் என்பதை நான் நினைக்கவில்லை. அளவு அதற்கு முன்பே எடுத்தது. முன்பே என்றால், நாங்கள் போய்ச் சொல்வதாக இருந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். கூரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நூலை அவள் உதட்டின்மேல் வைத்தேன். என் விரல் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது, கண்ணைத் திறக்கவில்லை. "பயப்படாதேய்யா, நான் உன் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள். நான் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.