பழம் நசுங்கிய பிறகு

மரம் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். இதைத் தெரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அந்தப் பட்டத்தைப் பார்த்துத்தான் ராமசுப்பு அண்ணாச்சி எனக்கு வேலை கொடுத்தார். தொண்ணூறாம் வருடம், காரியாபட்டி சாலையில், கருவேலம் மட்டுமே விளைந்த தரிசில், அறுபதடி உயரத்துக்கு மரத்தாலேயே ஒரு ரோலர் கோஸ்டர் கட்டினார். மழைக்கு ஏங்குகிற சீமையில் அது ஒன்றுதான் குறை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சனங்கள் அதை மரத்து ரயில் என்றார்கள்.

என் வேலை எளிது. காலையில் தண்டவாளத்தின் மேல் நடந்து, தளர்ந்த நட்டுகளை இறுக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க பிரேக் லிவரைப் பிடித்து ரயிலை ஓட்ட வேண்டும். அண்ணாச்சிக்கு நட்டைவிட எலுமிச்சம்பழத்தில் நம்பிக்கை அதிகம். சித்திரை ஒன்றாம் தேதி சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து, முதல் நடையில் அவர் மட்டும் தனியாகச் சுற்றி வருவார். பழம் நசுங்கிய பிறகு வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

நீங்கள் காரணம் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். காரணம் அவர்தான். கூட்ட நாளில் ரயிலை நிறுத்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். போன வருடம் காணும் பொங்கலன்று நல்ல கூட்டம். பூங்காவுக்குப் பின்னால் இருந்த வீட்டில் என் மனைவி சுகப்பிரியாவுக்குப் பிரசவ வலி கண்டது. பக்கத்தில் இருந்த ஒரே வண்டி அண்ணாச்சியின் வேன். ஆறு மணிக்கு அவளை ஏற்றினேன். அருப்புக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் தாயும் பிள்ளையும் முடிந்துவிட்டார்கள்.

வேன் சாவியை மூன்று மணிக்கே ராக்கம்மாளிடம் கொடுத்தனுப்பியதாக அண்ணாச்சி சொன்னார். ராக்கம்மாள் பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிறவள். எனக்கு ஆறு மணிக்குத்தான் வந்தது என்றேன். அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், மறுக்கவில்லை. அதன் பிறகு தினமும் காலையில், “சாப்பிட்டீகளா தம்பி?” என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்வி ஒரு மனிதனை எவ்வளவு களைப்பாக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

சித்திரைக்கு முன் பத்து நாள் பூங்காவை மூடி வண்ணம் அடிப்பார்கள். இந்தப் பத்து நாளும் மூன்றாவது வளைவின் நட்டுகளை நான் தொடவில்லை. கழற்றியது வெயில், நான் அல்ல. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்திரை ஒன்றாம் தேதி காலை பழம் வைத்தாயிற்று. முன் இருக்கையில் உட்கார்ந்த அண்ணாச்சி திடீரென்று இறங்கினார்.

“ஏ ராக்கம்மா, இங்க வா. அஞ்சு வருசமா இதுக்கு அடியிலயே கூட்டுற. ஒரு தடவ மேல போய்ப் பாரு.”

“எனக்கெதுக்கு மொதலாளி? இந்தக் கெழட்டு உசுரு பாதி வழியிலயே எறங்கி ஓடிரும்.”

“வருசப் பொறப்பும் அதுவுமா பழச மனசுல வச்சிக்கிறக் கூடாது. ஏறு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல ஏறினாள்.

“தம்பி, மெதுவா விடுங்க. ஒங்கள நம்பித்தான் ஏறுறேன்.”

பழம் நசுங்கியது. சங்கிலி உச்சிக்கு இழுத்துப்போக ஒன்றரை நிமிடம். லிவர் என் கையில்தான் இருந்தது, இழுத்தால் நின்றிருக்கும். ஆனால் பழம் நசுங்கிவிட்டதே. படித்தவன் என்பதற்காக ஊர் வழக்கத்தை அவமதிக்க முடியுமா?

மூன்றாவது வளைவு அவளைத் தாங்கவில்லை.

ராக்கம்மாளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல இனி வேறு ஆளில்லை என்பதால் இதையும் எழுதுங்கள். காணும் பொங்கலன்று மூன்று மணிக்கே அவள் மூச்சிரைக்கச் சாவியைக் கொண்டுவந்தாள். “மொதலாளி ரயில நிப்பாட்டிட்டு ஒடனே போகச் சொன்னாக, வாங்க தம்பி” என்றாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, “இன்னும் ரெண்டு நடை” என்றேன். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கைதட்டலை அதுவரை நான் கேட்டதில்லை.

கூட்ட நாளில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தானே, சார்?