அக்காவின் மூன்றாம் ஓலை

அக்கிராசனம் வகிக்கும் பெரிய சாமியார் அவர்களே! எங்கள் எழுத்தையும் நடத்தையையும் ஒருசேரத் திருத்தும் கன்னியர் மடத்துத் தாயாரே! பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் வெயிலில் வெந்து வந்த பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் மீசையை நீவிக்கொண்டிருக்கும் என் தந்தையாரே! எல்லோருக்கும் என் வணக்கம்.

மடத்துப் பள்ளி மாணவியாகிய என்னை இவ்விழாவில் ‘கிறிஸ்தவக் குடும்பம்’ பற்றிப் பேசச் சொன்னார்கள். மடத்தில் திருத்தித் தந்த தாள் என் பெட்டிக்குள் இருக்கிறது. இது யாரும் திருத்தாத தாள்.

பிரான்சிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன நம் சின்னச் சாமியார் லூயி அவர்களை அறியாதார் உண்டோ? அன்பு என்பார், இல்லறம் என்பார், அடுத்த நிமிஷமே முகம் சிவப்பார்! தாய்மார் சபையில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: “கணவரிடம் அன்பை எவ்விதம் சொல்லுகிறீர்கள்?”

சபையே முந்தானைக்குள் புகுந்தது. சவரியம்மாள் அத்தைதான் எழுந்தார். “அவுங்க பேரையே நான் சொன்னதில்லீங்க சாமி. அன்பை எங்கேர்ந்து சொல்றது?”

“ஒருமுறைகூடவா?”

“பிஞ்சுபோன மொதல் தோசைய நான் தின்னுட்டு, ரெண்டாவத அவுங்களுக்குப் போடுவேன். அவுங்க ‘ம்’ம்பாங்க. முப்பது வருஷமா அதாங்க எங்க பேச்சு.”

சிரிக்கிறீர்களா? சாமியார் சிரிக்கவில்லை! குறித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார்: “சரீரம் வெட்கத்துக்குரியதன்று, அது கொடை. தானாகக் கொடுத்தால் கொடை. பிறர் எடுத்துக் கொடுத்தால்?” மடத்துத் தாயாரின் செபமாலை கீழே விழுந்தது.

அதே பூசையில்தான் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசித்துத் ‘தடை உண்டா’ என்று ஊரைக் கேட்கும் கலியாண ஓலையில், என் அக்கா லூர்துராணியின் முதல் ஓலையை அவர் வாசித்தார். மணமகன் துறையூர் மளிகைக்காரர், மனைவியை இழந்தவர், வயது நாற்பத்துமூன்று. அக்காவுக்கு இருபது. சாமியார் பாதியில் நிறுத்தி, “பெண்ணுக்குச் சம்மதமா?” என்றார். கோவிலே சிரித்தது! “ஓலை வாசிச்சாத்தானே சாமி பொண்ணுக்கே தெரியும்?” என்றார் உபதேசியார்.

வீட்டில் அக்காவைக் கேட்டேன். “அழுதா, பொறந்த வீட்ட நெனச்சு அழுவுறாளாம், சம்மதம். சிரிச்சாலும் சம்மதம். பேசாம இருந்தா ரொம்பவே சம்மதம். வேண்டாம்னு சொல்ல எந்த மூஞ்சியடி வெச்சுக்கணும்?”

“வாயால சொல்லேன்.”

“அப்பா முன்னாடியா? உனக்கு வாய் வருமா?”

வராது தாய்மார்களே! இன்று வரையில் வந்ததில்லை!

உலகைப் படைத்த சர்வேசுரன், ஓர் ஏழைக் கன்னியைக் கேட்காமலே காரியத்தை முடித்திருக்க மாட்டாரா? முடித்தாரா? தம் தூதராகச் சம்மனசை அனுப்பினார்! சம்மதம் கேட்டார்! தேவமாதா வாய் திறக்கும் வரையில் வானகம் காத்திருந்தது, வையகம் காத்திருந்தது. துறையூர் காத்திருக்கக் கூடாதா?

இரண்டு ஓலை முடிந்தது. நாளை மறுநாள் மூன்றாவது. தடையை அறிந்தும் மறைப்பது பாவம் என்று ஒவ்வொரு முறையும் வாசிக்கிறீர்களே, அந்தத் தடையை நான் அறிவேன். எழுந்திருக்காதீர்கள் அப்பா, இன்னும் ஒரே வரிதான்! அக்காவுக்குச் சம்மதமில்லை.

நம்பாதவர்கள் திரும்பிப் பாருங்கள். கடைசித் தூணோரம் நிற்கிறாள். பெரிய சாமியாரே, நீங்களே கேளுங்கள். அவள் பதில் சொல்லும் வரையில் யாரும் கை தட்ட வேண்டாம்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்க முடியாமலும் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இரட்டிப்பு நன்றி. எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.